கலைக்கு ஸ்பான்சர் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடகமோ இசை விழாவோ ஓவியக் கண்காட்சியோ, எதை நடத்துகிறவர்களானாலும் ஒரு கட்டத்தில் "ஏதாவது கம்பெனியிடம் கேட்டுப் பார்க்கலாமா?" என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். கலைக்குழுக்களுக்கு நிதி திரட்டும் வேலையில் நெடுநாளாக இருப்பதால் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்பான்சர்ஷிப்பும் நன்கொடையும் ஒன்றுதானே?

இல்லை. இது தெளிவாகிவிட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். நன்கொடை கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போகிறார். நீங்கள் நன்றி சொல்கிறீர்கள், ரசீது தருகிறீர்கள், அவ்வளவுதான். ஸ்பான்சர்ஷிப் ஒரு வியாபாரம். நிறுவனம் பணம் தருகிறது, பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொள்கிறது.

வாங்குவது பேனரில் வரும் லோகோவை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. லோகோ போட அவர்களுக்கு ஆயிரம் இடம் கிடைக்கும். உங்கள் குழுவின் மேல் ஜனங்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதில் கொஞ்சம் தங்கள் மேலும் ஒட்டட்டும் என்றுதான் பணம் தருகிறார்கள். அதை விற்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அதைத்தான் விற்கிறோம் என்பது பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது மனதில் இருக்க வேண்டும்.

நிறுவனத்துக்குள்ளேயும் இந்த இரண்டு பணமும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. நன்கொடை பெரும்பாலும் அறக்கட்டளையிலிருந்தோ சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ வரும். ஸ்பான்சர்ஷிப் மார்க்கெட்டிங் பட்ஜெட்டிலிருந்து வரும். முதலாவதை முடிவு செய்பவர் "இதனால் யாருக்கு நன்மை?" என்று கேட்பார். இரண்டாவதை முடிவு செய்பவர் "இதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பார். ஒருவருக்கு எழுதிய கடிதத்தை மற்றவருக்கு அனுப்பினால் பதில் வராது.

அந்தக் காலத்து அரசர்களும் செல்வந்தர்களும் புலவர்களை ஆதரித்தார்களே, அதன் தொடர்ச்சிதானே இது?

ஓரளவுக்கு. 15ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்தின் மெடிச்சி குடும்பம் வங்கித் தொழிலில் சம்பாதித்ததைக் கட்டடங்களுக்கும் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் செலவிட்டது. அதில் பக்தி இருந்தது, ரசனை இருந்தது, குடும்பத்தின் அரசியல் செல்வாக்கைக் காட்டிக்கொள்ளும் நோக்கமும் இருந்தது. ஆனால் கொடுத்தவர் ஒரு மனிதர். அவருடைய ரசனைக்கு அவரே பொறுப்பு. இன்று கொடுப்பது ஒரு நிறுவனம். அதன் பணம் பங்குதாரர்களுடையது. கையெழுத்துப் போடும் மேலாளர் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதனால்தான் இன்றைக்கு எல்லாமே காகிதத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய வடிவம் 1960களிலிருந்து உருவானது. அமெரிக்காவில் வங்கியாளர் டேவிட் ராக்ஃபெல்லர் 1967இல் தொழில் நிறுவனங்களைக் கலை ஆதரவுக்குக் கொண்டுவரும் குழு ஒன்றைத் தொடங்கினார். பிரிட்டனில் அதே மாதிரியான சங்கம் 1976இல் வந்தது. பெர்ன் நகரத்தில் 1969இல் நடந்து கலை வரலாற்றில் இடம் பிடித்த ஒரு நவீன கலைக் கண்காட்சிக்குப் பணம் கொடுத்தது பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம். புதுமைக் கலையோடு சேர்ந்து நின்றால் தங்கள் பெயருக்கும் ஒரு புதுமை வரும் என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் அதியமானிடம் பரிசில் கேட்டுப் போனபோது, அவன் புலவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று அவர் அதை மறுத்துவிட்டார். தன் புலமையை அளந்து பார்த்து அன்போடு கொடுத்தால் தினையளவே ஆனாலும் இனியது என்பது அவர் கட்சி. அந்த உறவில் அவர் எதிர்பார்த்த நேர்முக மதிப்பை இன்றைய ஸ்பான்சரிடம் எதிர்பார்க்க முடியாது. நாம் செய்வது வாணிகம்தான். அதை நல்ல வாணிகமாகச் செய்யலாம்.

நிறுவனத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

இடத்துக்கு இடம் வேறுபடும். சில உதாரணங்கள் சொன்னால் புரியும்.

வாட்டிகனில் சிஸ்டைன் தேவாலயத்தின் கூரை ஓவியங்களைத் துப்புரவு செய்து மீட்டெடுக்கும் வேலை 1980இல் தொடங்கியது. பணம் கொடுத்தது ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி. பதிலுக்கு அந்த வேலையைப் படமெடுக்கும் தனி உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்து 3 வருடம் வரைக்கும் புகைப்படமும் வீடியோவும் அவர்கள் கையில்தான். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பலன் வேறென்ன இருக்க முடியும்? அதே சமயம் உரிமைக்கு ஒரு கால வரையறை இருந்ததையும் கவனியுங்கள்.

ரோம் நகரத்தின் ட்ரெவி நீரூற்றைப் புதுப்பிக்க ஃபென்டி நிறுவனம் 20 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது. 2015 நவம்பரில் வேலை முடிந்தது. மறு வருடம் ஜூலையில், நீரூற்றின் நீர்ப்பரப்புக்கு மேலேயே கண்ணாடி போன்ற ஒரு நடைமேடை அமைத்து, அதன் மேல் தங்கள் 90ஆவது ஆண்டு ஃபேஷன் காட்சியை நடத்தினார்கள். மாடல்கள் தண்ணீரின் மேல் நடப்பது போல இருந்த அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. வேறு எந்த விளம்பரச் செலவிலும் அப்படி ஒரு இடம் வாங்கக் கிடைக்காது.

சில சமயம் பலன் மிக மெதுவாகச் சேரும். நியூயார்க்கின் இசை நாடக அரங்கமான மெட்ரோபாலிட்டன் ஆபராவின் சனிக்கிழமை வானொலி ஒலிபரப்புக்கு டெக்ஸகோ எண்ணெய் நிறுவனம் 1940 முதல் 2004 வரை ஆதரவு கொடுத்தது. அத்தனை வருடம் வாரா வாரம் ஒரே பெயர் காதில் விழுந்தால், கேட்பவர் மனதில் இசையும் பெயரும் பிரிக்க முடியாமல் ஒட்டிப்போகும். இன்னொரு பக்கம், லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் 2000 முதல் 2012 வரை யூனிலீவர் பெயரிலேயே ஒரு தொடர் நடந்தது. 2003இல் ஓலாஃபுர் எலியாசன் அங்கே உருவாக்கிய செயற்கைச் சூரியனின் கீழே ஜனங்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஸ்பான்சர் பணத்தால் நல்ல கலை வராது என்று யாராவது ஒரேயடியாகச் சொன்னால் அந்தக் கூடத்தைத்தான் நான் நினைவுபடுத்துவேன்.

இதையெல்லாம் தவிர வெளியே அதிகம் பேசப்படாத பலன்களும் உண்டு. முக்கியமான வாடிக்கையாளர்களை அழைத்துவர ஒரு நல்ல மாலை நேரம், ஊழியர்களுக்கு இலவச டிக்கெட், அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் வரும் இடத்தில் முன்வரிசை. பெயர் கெட்டுப்போயிருக்கும் தொழில் என்றால், அதைத் துடைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. இந்தக் கடைசிப் பலனுக்காக வருகிறவர்களைப் பற்றிக் கீழே தனியாகப் பேசுவோம்.

பணமாகத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அச்சுக்கூடம் துண்டறிக்கை அடித்துத் தரலாம், ஹோட்டல் அறை தரலாம், ஒலி ஒளி வாடகைக்குத் தருபவர் கருவிகளைத் தரலாம். ஒரே ஒரு விதிதான்: அது இல்லையென்றால் நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா? ஆம் என்றால் அது பணத்துக்குச் சமம். இல்லை என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தேவையில்லாத பொருளுக்கும் பேனரில் இடம் போய்விடும்.

நாங்கள் சின்னக் குழு. பெரிய கம்பெனி எங்களைத் திரும்பிப் பார்க்குமா?

பெரிய கம்பெனியிடம் முதலில் போகாதீர்கள். அவர்களிடம் குவியும் விண்ணப்பங்களில் உங்களுடையது அடியில் கிடக்கும். நடுத்தர நிறுவனங்கள், குடும்பத் தொழில்கள், புதிதாகக் கிளை திறந்தவர்கள் ஆகியோரிடம்தான் முடிவெடுப்பவரை நேரில் பார்க்க முடியும்.

போவதற்கு முன்னால் உங்கள் பார்வையாளர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "கலை ஆர்வலர்கள்" என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பேர் வருகிறார்கள், என்ன வயது, திரும்பத் திரும்ப வருகிறார்களா, குடும்பத்தோடு வருகிறார்களா? வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரை உட்கார வைத்தாலே இதெல்லாம் தெரிந்துவிடும். இதைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு இப்படிப்பட்ட ஆட்கள் தேவை என்று யோசித்தால் நிறுவனங்களின் பட்டியல் தானாகச் சுருங்கும். குழந்தைகள் நாடகத்துக்கு வரும் பெற்றோர்களைச் சந்திக்க ஆசைப்படும் நிறுவனம் வேறு, சோதனை இசைக்கு வரும் 20 வயதுக்காரர்களைத் தேடும் நிறுவனம் வேறு.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. குழுவின் வரலாற்றை முதல் பத்தியில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். என்ன நடக்கப்போகிறது, எப்போது, யார் வருவார்கள், உங்களுக்கு இதில் என்ன இடம், எவ்வளவு ஆகும். அவ்வளவு போதும். அப்புறம், நிறுவனங்களின் பட்ஜெட் நிதியாண்டு தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய் நின்றால், மனமிருந்தாலும் அவர்களிடம் பணம் இருக்காது. கையில் குறைந்தது ஆறு மாதம் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எவ்வளவு கேட்பது?

"பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, அந்தத் துண்டைக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள்தான் அதிகம். உங்கள் பற்றாக்குறை அவர்கள் கணக்கு அல்ல. அவர்களுக்குக் கிடைப்பது என்ன மதிப்பு என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள்: ஸ்பான்சரை வைத்துப் பார்த்துக்கொள்வதற்கே செலவு உண்டு. பேனர், வரவேற்பு, புகைப்படக்காரர், நிகழ்ச்சி முடிந்தபின் தரும் அறிக்கை, இதற்கெல்லாம் ஓடியாடும் ஒரு ஆள். சின்னத் தொகை என்றால் பாதிப் பணம் இதிலேயே போய்விடும்.

பெரிய இடங்களும் தங்களை மலிவாகக் கொடுத்துவிடுவது உண்டு. டேட் அருங்காட்சியகம் பி.பி. எண்ணெய் நிறுவனத்திடமிருந்து வாங்கிய தொகையை வெளியிட மறுத்து வந்தது. தகவல் உரிமைக்கான நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2015இல் கணக்கு வெளியானது. 1990 முதல் 2006 வரை மொத்தம் 38 லட்சம் பவுண்டு, அதாவது வருடத்துக்குச் சராசரியாக 2,24,000 பவுண்டு. அந்த அருங்காட்சியகத்தின் மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. இவ்வளவு சத்தம், இத்தனை போராட்டம் எல்லாம் இந்தத் தொகைக்காகவா என்று எண்ணெய்ப் பணத்தை எதிர்த்தவர்களே வியந்தார்கள். எண்ணெய் நிறுவனத்துக்கோ அது கிடைத்தற்கரிய விலை.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், ஒப்பந்தம் என்று ஒன்று இருக்க வேண்டும். "நமக்குள்ளே என்ன சார் பேப்பர் எல்லாம்" என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் பதவி மாறிப் போனபின் வரும் புதியவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

எனக்கு ஒருமுறை வந்த வரைவில் ஒரு வரி இருந்தது: "நிகழ்ச்சியின் இறுதி வடிவம் இரு தரப்பும் கலந்தாலோசித்து முடிவு செய்யப்படும்." படிக்க இதமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு வரி இருந்தால், ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து "அந்தக் காட்சி கொஞ்சம் நீளமாக இல்லை?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும். நாங்கள் அதை எடுத்துவிட்டு இரண்டு வரி எழுதினோம். ஒன்று, நிறுவனத்தின் பெயரும் லோகோவும் வரும் விளம்பரப் பொருள்களை அச்சுக்கு முன் நிறுவனம் பார்த்து ஒப்புதல் தரும். இரண்டு, நிகழ்ச்சியின் உள்ளடக்கம், கலைஞர் தேர்வு, மேடையேற்றம் ஆகியவை முழுக்கக் குழுவின் முடிவு. அவர்களுடைய சட்டப் பிரிவு ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டது. பழைய வரியை யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. வேறு ஏதோ ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இப்படி யாரும் யோசிக்காமல் எழுதும் வரிகள்தான் பின்னால் தொல்லை தரும், ஆகவே வரி வரியாகப் படியுங்கள்.

பணம் எப்போது வரும் என்பது அடுத்தது. கையெழுத்தானதும் ஒரு பகுதி, விழாவுக்கு முன்னால் ஒரு பகுதி, அறிக்கை கொடுத்தபின் சிறு மிச்சம் என்று தவணைகள் தேதியோடு இருக்கட்டும். "நிகழ்ச்சி முடிந்தபின் மொத்தமாக" என்பதற்கு ஒத்துக்கொண்டால் செலவுக்கு நீங்கள் கடன் வாங்க வேண்டி வரும். அந்த வட்டியை யாரும் தரமாட்டார்கள்.

"இந்தத் துறையில் வேறு ஸ்பான்சர் கூடாது" என்று கேட்பார்கள். நியாயமான கோரிக்கைதான், துறையின் பெயரைக் குறுக்கி எழுதுங்கள். "நிதிச் சேவை" என்று எழுதிவிட்டால் வங்கி, காப்பீடு, கடன் அட்டை எல்லாக் கதவும் சாத்தப்பட்டுவிடும். "வங்கி" என்று எழுதினால் மற்றவை திறந்திருக்கும். அழைப்பு டிக்கெட்டுகளின் எண்ணிக்கையையும், அவற்றை எந்தத் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பதையும் போடுங்கள். ஸ்பான்சர் விருந்தினருக்கென்று ஒதுக்கிய முதல் மூன்று வரிசை காலியாகக் கிடக்க, பின்னால் சுவரோரம் ரசிகர்கள் நின்றுகொண்டு பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் நிற்கும் நடிகருக்கு முன்னால் வெறும் நாற்காலிகள். இரண்டு நாள் முன்பு உறுதி செய்யாத இருக்கைகள் பொது விற்பனைக்குப் போகும் என்று ஒரு வரி எழுதினால் இது நடக்காது.

விலகும் உரிமை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். உங்கள் கலைஞர் ஏதாவது சர்ச்சையில் சிக்கினால் தாங்கள் விலகலாம் என்று நிறுவனம் எழுதும். அவர்கள் ஊழலிலோ விபத்திலோ சிக்கினால் நீங்களும் விலகலாம் என்று எழுத நிறையக் குழுக்கள் கூச்சப்படுகின்றன. கூச்சமே வேண்டாம்.

காசு கொடுப்பவர் கலையில் தலையிடுவாரா?

நேரடியாகத் தலையிடுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நடக்கும்போது பெரிதாக வெடிக்கும். சுவிட்சர்லாந்தின் எலிசே புகைப்பட அருங்காட்சியகம் லாகோஸ்ட் ஆடை நிறுவனத்தின் பணத்தில் 25,000 யூரோ பரிசு ஒன்றை அறிவித்திருந்தது. 2011இல் இறுதிப் பட்டியலில் இருந்த பாலஸ்தீனக் கலைஞர் லாரிஸா சான்சூரை நீக்க வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. அருங்காட்சியகம் முதலில் தடுமாறினாலும் கடைசியில் பரிசையே ரத்து செய்து, நிறுவனத்தோடு இருந்த உறவையும் முறித்துக்கொண்டது. பணம் போனது, பெயர் நின்றது. 2017இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டர் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸரை மேடையேற்றியபோது, சீஸர் அப்போதைய அதிபர் டிரம்ப்பின் சாயலில் இருந்தார். டெல்டா விமான நிறுவனம் ஸ்பான்சர்ஷிப்பை முழுதாக விலக்கிக்கொண்டது. பாங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஒரு தயாரிப்பிலிருந்து மட்டும் விலகியது. நாடகம் நிற்காமல் நடந்தது.

கலைக்கு வெளியே உதவி கேட்பதும் உண்டு. 1994இல் நியூயார்க் நகர மன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்த முயன்றது. அப்போது பிலிப் மோரிஸ் தான் ஆதரித்து வந்த கலை அமைப்புகளை அணுகி, நிறுவனம் நகரத்தைவிட்டுப் போனால் கலைக்கு என்ன நஷ்டம் என்று மன்றத்திடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டது. வருடக்கணக்கில் ஒன்றும் கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்ட உதவி இது.

எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில். யாரும் எதுவும் சொல்லாமலே குழு தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தொடங்குவது. நிகழ்ச்சித் தேர்வுக் கூட்டத்தில் ஒருவர், "நல்ல நாடகம்தான், ஆனால் இந்த வருடம் வேண்டாமே, ஸ்பான்சர் என்ன நினைப்பார்களோ" என்பார். ஸ்பான்சர் அந்த நாடகத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்த நன்றியுணர்வு இங்கே வந்து வேலை செய்கிறது. அந்த நாடகம் நின்றுபோனதற்கு எந்தக் கடிதமும் எந்தச் செய்தியும் சாட்சியாக இருக்காது. அதனால் எந்தக் குழுவுக்கும் நான் சொல்வது இதுதான்: நிகழ்ச்சித் தேர்வு முடிந்து, பட்டியல் கையெழுத்தாகி, அதற்குப் பிறகே ஸ்பான்சர் வேட்டை. தேர்வுக் குழுவில் நிதி திரட்டுபவர் உட்காரக் கூடாது. நான் நிதி திரட்டுபவள், நான் உட்காருவதில்லை.

யாரிடம் வாங்கக் கூடாது?

புகையிலை விஷயத்தில் உலகம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. புகையிலை விளம்பரத்தோடு ஸ்பான்சர்ஷிப்பையும் தடை செய்யும்படி அதன் 13ஆவது விதி சொல்கிறது. ஒரு காலத்தில் நவீன கலையின் நண்பராகத் தெரிந்தவர்கள்தான் இவர்கள்.

பருவநிலை மாற்றத்துக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டோடு எண்ணெய் நிறுவனங்கள் இப்போது அந்த இடத்தில் நிற்கின்றன. டேட்டுடனான பி.பி. ஒப்பந்தம் 2017இல் முடிந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 16 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு 5 பவுண்டு டிக்கெட் திட்டத்துக்கு பி.பி. ஆதரவு கொடுத்து வந்தது. பள்ளி மாணவர்களே எதிர்த்துக் கடிதம் எழுதியபின் 2019இல் அதுவும் முடிந்தது. யாருக்காகக் கொடுத்தார்களோ அவர்களே வேண்டாம் என்றார்கள். ஆனால் பிரிட்டிஷ் மியூசியம் 2023 டிசம்பரில் அதே நிறுவனத்தோடு 10 வருடத்துக்கு 5 கோடி பவுண்டு ஒப்பந்தம் அறிவித்தது. ஆக ஒருமித்த கருத்து இல்லை. பழைய கட்டடத்தின் கூரை ஒழுகும்போது, சுத்தமான பணம் வரும்வரை காத்திருக்க முடியாது என்பவர்களின் வாதத்தையும் நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன்.

சாக்லர் குடும்பத்தின் கதை தெரிந்திருக்கும். ஆக்ஸிகான்டின் வலிநிவாரணி மாத்திரையைத் தயாரித்த பர்டூ ஃபார்மாவின் உரிமையாளர்கள். அமெரிக்காவின் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) போதைப் பேரழிவில் அந்த மாத்திரைக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின் (Nan Goldin), 2018 மார்ச்சில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சாக்லர் பெயர் தாங்கிய பகுதிக்குள் தோழர்களோடு போய், அங்கிருந்த நீர்த்தொட்டியில் மாத்திரைப் புட்டிகளை எறிந்தார். பாரிஸின் லூவ்ர் 2019இல் அந்தப் பெயரை எடுத்தது, மெட்ரோபாலிட்டன் 2021 டிசம்பரில் எடுத்தது. இது குடும்பத்தின் நன்கொடை, கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப் இல்லை. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். தொழிலின் சேறு பெயரோடு சேர்ந்து உங்கள் சுவரில் ஏறும்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்லும் அளவுகோல்: இந்தப் பெயரை உங்கள் கலைஞர் மேடையில் சொல்லத் தயங்குவாரா? உங்கள் நாடகம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதையே கெடுப்பவரா இவர்? ஆற்றைப் பற்றிய நாடகத்துக்கு ஆற்றில் கழிவு விடும் ஆலையின் பணம் எந்தத் தொகையானாலும் வேண்டாம். யாரிடம் வாங்குவோம், யாரிடம் வாங்கமாட்டோம் என்பதைக் காசோலை எதிரே இல்லாத நாளில் அரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். காசோலை வந்தபின் எல்லோருக்கும் காரணங்கள் தோன்ற ஆரம்பிக்கும்.

அரங்குக்கோ விருதுக்கோ அவர்கள் பெயரை வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

வைக்கலாம், வருடக் கணக்கு போட்டு. நியூயார்க் லிங்கன் சென்டரின் இசை அரங்குக்கு 1973இல் ஏவரி ஃபிஷர் ஒரு கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தார், அரங்குக்கு அவர் பெயர் வந்தது. பின்னாளில் அரங்கைப் புதுப்பிக்க டேவிட் கெஃபன் 10 கோடி டாலர் தந்தபோது பெயரை மாற்ற வேண்டியிருந்தது. ஃபிஷர் குடும்பம் உரிமையை விட்டுக்கொடுக்க ஒன்றரைக் கோடி டாலர் தர வேண்டியதாயிற்று. வாங்கியதைவிட அதிகம்! லூவ்ர் சாக்லர் பெயரை எடுத்தபோது சொன்ன காரணம், பெயர் சூட்டலுக்குத் தங்களிடம் 20 வருட வரம்பு இருக்கிறது என்பது. அந்த ஒரு விதி அவர்களை எவ்வளவோ சங்கடத்திலிருந்து காப்பாற்றியது.

ஸ்பான்சர் திடீரென்று போய்விட்டால்?

போவார்கள். பிரிட்டனில் 1971இல் விட்பிரெட் நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, 2006 முதல் கோஸ்டா காபி நிறுவனத்தின் பெயரில் நடந்த புத்தக விருது, 50 வருடம் ஓடியபின் 2022இல் நிறுத்தப்பட்டது. ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசும் ஸ்பான்சர்களை மாற்றி வந்ததுதான், ஆனால் 'புக்கர்' என்பது தொடங்கிய நிறுவனம் விலகியபின்னும் பரிசின் சொந்தப் பெயராகவே நிலைத்துவிட்டது. புதிய பணம் தேட அது போதுமானதாக இருந்தது. பெயரும் பட்டியலும் இணைய முகவரியும் யாருடைய சொத்து என்பதை ஆரம்பத்திலேயே தீர்த்து வையுங்கள்.

ஒரே ஸ்பான்சரின் பணம் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எனக்குத் தூக்கம் வராது. மூன்று வருட ஒப்பந்தம் கேளுங்கள். மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே புதுப்பிப்பதா இல்லையா என்று அவர்கள் சொல்லிவிட வேண்டும் என்ற ஷரத்தும் சேருங்கள்.

வரிச்சலுகை கிடைக்குமா?

நாட்டுக்கு நாடு மாறும், கணக்காளரிடம் கேளுங்கள். பிரான்ஸில் 2003ஆம் வருடச் சட்டப்படி நிறுவனம் கலைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 60 சதவீதம் வரியில் கழியும், பெரிய தொகைகளுக்கு 40 சதவீதம். ஆனால் கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் பலன் கொடுத்ததில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. பிரேசிலில் 1991இல் வந்த ரூவானே சட்டம், கட்ட வேண்டிய வரியின் ஒரு பகுதியைக் கலைத் திட்டங்களுக்குத் திருப்பிவிட அனுமதிக்கிறது. இந்தியாவில் நிறுவனங்கள் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் பட்டியலில் உண்டு. ஆனால் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் அந்தக் கணக்கில் சேராது என்று விதிகளிலேயே இருக்கிறது. "சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தில் தருகிறோம், பெரிய லோகோ போடுங்கள்" என்று யாராவது கேட்டால் இதை நினைவுபடுத்துங்கள்.

அரசு ஒழுங்காக நிதி கொடுத்தால் இதெல்லாம் தேவையா?

குறையும். அரசுப் பணத்துக்கும் அதன் தலையீடுகள் உண்டு. டிக்கெட், அரசு, ஸ்பான்சர், தனி நபர் என்று நாலு வழியிலும் பணம் வந்தால் எவர் முன்னாலும் தலை குனிய வேண்டியதில்லை.

ஸ்பான்சர் வந்தபின்னும் கலைஞர்களுக்குச் சம்பளம் இல்லை என்கிறார்கள். நியாயமா?

இல்லவே இல்லை. பேனருக்குப் பணம் இருக்கிறது, பூங்கொத்துக்கு இருக்கிறது, வரவேற்பு விருந்துக்கு இருக்கிறது, ஆடியவருக்கு மட்டும் "நல்ல மேடை கிடைத்ததே" என்ற பதில். ஸ்பான்சர் வாங்குவது அந்தக் கலைஞர் சம்பாதித்த மரியாதையைத்தான். விற்ற பணத்தில் அவருக்கு முதல் பங்கு வர வேண்டும். ஸ்பான்சருக்கு அனுப்பும் பட்ஜெட்டிலேயே கலைஞர் ஊதியத்தை முதல் வரியாக எழுதுங்கள். அதைப் பார்த்து முகம் சுளித்த நிறுவனத்தை நான் இதுவரை சந்திக்கவில்லை. வெட்டச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் விழா நடத்துபவர்கள்தான்.

நான் கலைஞர். நான் பங்கேற்கும் விழாவின் ஸ்பான்சரை எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

முன்னால் போனவர்கள் வேறு வேறு வழியில் போயிருக்கிறார்கள். 1972இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜான் பெர்ஜர் பரிசை ஏற்றுக்கொண்டு, அதைக் கொடுத்த புக்கர் நிறுவனம் கரீபியன் கரும்புத் தோட்டங்களில் பணம் சேர்த்த விதத்தை மேடையிலேயே சொல்லி, தொகையில் பாதியைக் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்துக்குக் கொடுத்தார். 2014இல் சிட்னி பினாலே என்ற கலை விழாவில் கலைஞர்கள் சேர்ந்து நின்றார்கள். அகதிகள் தடுப்பு முகாம்களோடு தொடர்புடைய டிரான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் பணம் வேண்டாம் என்றார்கள். பினாலேயின் தலைவர் பதவி விலகினார், விழா அந்த நிறுவனத்தோடு உறவை முறித்தது. 2019இல் நடிகர் மார்க் ரைலன்ஸ் பி.பி. ஆதரவைக் காரணம் காட்டி ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியிலிருந்து விலகினார்.

இவர்களுக்குப் பெயர் இருந்தது, தாங்க முடிந்தது. முதல் மேடைக்காகக் காத்திருக்கும் 22 வயதுப் பாடகியிடம் "நீ மறுத்துவிடு" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவருக்கு நான் சொல்வது, ஒப்புக்கொள்ளும் முன்பே "யார் ஸ்பான்சர்?" என்று எழுத்தில் கேளுங்கள் என்பது. அறிவித்தபின் புதிய ஸ்பான்சர் சேர்ந்தால் விலகும் உரிமை வேண்டும் என்றும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அதே நிகழ்ச்சியில் பங்கேற்கும் மற்றவர்களிடம் பேசி, நாலு பேராகக் கடிதம் எழுதுங்கள். நல்ல விழாக்காரர்கள் ஒரே நாளில் பதில் தருவார்கள்.